தூத்துக்குடிக்கு நடந்து வந்த சிறுமி

ஏழாம் வகுப்பில் ஒருநாள் ஹாஸ்டலில் இருந்து வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன். அம்மா திட்டவில்லை. சோறு போட்டார். மறுநாள் காலையிலேயே கொண்டுபோய் அங்கேயே விட்டார். ஏன் என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

போன மாதம் ஏமி கார்மைக்கேல் பற்றிப் படித்தபோது அது நினைவுக்கு வந்தது. அயர்லாந்தில் 1867-ல் பிறந்து, 1895-ல் இந்தியா வந்து, 1951-ல் டோனாவூரில் இறந்தவர். இடையில் ஒருமுறைகூட ஊருக்குத் திரும்பவில்லை. சேலை கட்டினார், தமிழ் படித்தார், மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தார். சின்ன வயதில் நீலக் கண் வேண்டும் என்று ஜெபித்து ஏமாந்தவராம். இங்கே அந்தப் பழுப்புக் கண்தான் கைகொடுத்தது என்பார்கள்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது ஏமி இல்லை, ப்ரீனா. ஏழு வயது. அப்பா இல்லை. அம்மா தூத்துக்குடியில். பெருங்குளத்தில் கோயில் பெண்களிடம் விடப்பட்ட குழந்தை. பொட்டுக்கட்டும் வழக்கம் இருந்த காலம். அதைத் தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் வந்தது.

ஒருமுறை அவள் தப்பித்து, சுமார் 20 மைல் நடந்து அம்மாவிடம் வந்தாள். தேடி வந்தவர்களிடம் அம்மாவே அவளைத் திருப்பி ஒப்படைத்தார். தண்டனையாகப் பிள்ளையின் கைகளில் சூடு வைத்தார்கள்.

1901 மார்ச்சில் மறுபடியும் ஓடினாள். இந்தமுறை அம்மாவிடம் இல்லை. பக்கத்து ஊரான பண்ணைவிளைக்கு. 'பிள்ளை பிடிக்கிற அம்மா' என்று ஏமியைக் காட்டிப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அப்படியானால் என்னையும் பிடித்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாளோ என்னவோ! ஏமி அவளை மடியில் வைத்து முத்தமிட்டார். பெற்ற அம்மா செய்வதுபோலச் செய்ததால் அன்று முதல் அவரே அம்மாவானார் என்று ப்ரீனா பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அதோடு ஏமியின் மாட்டு வண்டிப் பயணங்கள் குறைந்தன. 1913-க்குள் டோனாவூரில் 130 குழந்தைகள். பிரசங்கிக்க வந்தவருக்குக் குழந்தைகளுக்கு நகம் வெட்டுவதும் ஊழியம்தான் என்று ஏற்க எவ்வளவு நாளாகியிருக்கும்? 1931-ல் விழுந்து அடிபட்ட பிறகு கடைசி 20 வருடம் பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே கழிந்தது. கல்லறைக்குக் கல் வேண்டாம் என்றார். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, அதில் அம்மா என்று பொருள்படும் ஒற்றைச் சொல்லை மட்டும் பொறித்தார்கள்.

ஏமியைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள். ப்ரீனாவைப் பெற்றவரின் பெயர்கூட நான் படித்த எதிலும் இல்லை. கணவன் இல்லாத பெண். வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள். அவர் மட்டும் என்ன செய்திருக்க முடியும்? கழுத்தைச் சுற்றிய குழந்தையின் கைகளை அவரே பிரித்து எடுத்திருப்பார் என்று நினைக்கும்போது கோபமும் வருகிறது, கோபப்படவும் முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியில் பெருங்குளம் போனேன். வயலும் வாழையுமாகக் கிடந்த வழி. எனக்கே வெயில் தாங்கவில்லை.

அன்று ராத்திரி கேட்டுவிட்டேன். "எம்மா, ஹாஸ்டல்ல இருந்து ஓடி வந்தேன்லா, ஏன் திரும்பக் கொண்டுபோய் விட்ட?"

"இப்ப எதுக்குட்டி அது?" மீன் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். "உன்னை விட்டுட்டு பஸ் ஸ்டாண்டுல மூணு பஸ்ஸை விட்டேன். ஏற முடியல."