வெளுத்த வர்ணமும் மறைந்த காப்பும்

தருமபுரி மாவட்டத்தின் மேற்கே, மேட்டூர் அணையின் நீர்ப்பரப்புக்கு அண்மையில் அமைந்துள்ளது ஏரியூர். அதன் கடைத்தெருவில் சிறிது நேரம் நின்று பார்ப்போருக்கு ஓர் உண்மை எளிதில் விளங்கும். இவ்வட்டாரத்து மக்களின் பிழைப்பில் பெரும்பங்கைச் சுமந்து செல்பவை சிறிய பிக்கப் வண்டிகளே. நிலக்கடலை மூட்டைகள், மரவள்ளிக் கிழங்கு, புளி, உர மூட்டைகள், சந்தைக்குச் செல்லும் ஆடுகள், அணைநீரில் பிடித்துப் பனிக்கட்டியில் இட்ட மீன்கள் ஆகிய அனைத்தும் அவற்றின் முதுகிலேயே பயணம் செய்கின்றன. ஒரு வண்டியை நம்பி ஒரு குடும்பம் வாழ்வது இங்கே சர்வசாதாரணம்.

இவ்வண்டிகளுள் பல, பத்து ஆண்டுகளைக் கடந்தவை. சில பதினைந்தையும் எட்டிவிட்டன. அவற்றின் கூரையைக் கையால் தடவினால் சுண்ணாம்பு போன்ற வெண்பொடி விரலில் ஒட்டிக்கொள்ளும். ஒருகாலத்தில் செக்கச் சிவந்திருந்த வண்டி, பழைய செங்கல் நிறத்துக்கு வந்திருக்கும். உரிமையாளருக்கு இது மனக்குறை. எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டி ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெறவேண்டும் என்பது சட்டம். எஃப்.சி. என்று மக்கள் வழங்கும் அச்சான்றுக்குச் செல்லுமுன், பழைய வர்ணத்தை முழுவதும் சுரண்டி எறிந்துவிட்டுப் புது வர்ணம் அடித்துவிட வேண்டும் என்று பலர் துடிக்கின்றனர். அவ்வாறு செய்வது சரிதானா? தொழிற்சாலையில் பூசிய வர்ணம் உண்மையில் எத்துணைக் காலம் உழைக்கும்? இக்கேள்விகளைச் சற்று விரிவாக ஆராய்வது நம் குடும்பங்களுக்குப் பயன் தரும் என்று கருதுகிறோம்.

முதலில், தொழிற்சாலையில் நடப்பதை அறிந்துகொள்வோம். டாட்டா ஏஸ் 2005-ஆம் ஆண்டிலும், நமக்கு அண்மையிலுள்ள ஓசூரில் உருவான அசோக் லேலண்டு தோஸ்த் 2011-ஆம் ஆண்டிலும் விற்பனைக்கு வந்தன. இக்காலத்து வாகனத் தொழிற்சாலைகளில் வண்டியின் கூடு, எஞ்சினும் கம்பிகளும் ரப்பரும் பொருத்தப்படுமுன், வெறும் இரும்புத் தகடாக இருக்கும்போதே வர்ணப் பகுதிக்கு வந்துவிடுகிறது. அங்கே அதன் எண்ணெய்ப் பிசுக்கு கழுவப்படுகிறது. பின்னர் பாஸ்பேட் கரைசலில் நனைக்கப்பட்டு, தகட்டின்மேல் நுண்ணிய படிகப் படலம் ஒன்று ஏற்படுகிறது. அடுத்துக் கூடு முழுவதும் ஒரு பெருந்தொட்டிக்குள் அமிழ்த்தப்படுகிறது. தொட்டியில் நீரோடு கலந்த அடிப்பூச்சு இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் அப்பூச்சின் துகள்கள் தகட்டை நாடிச் சென்று ஒட்டிக்கொள்கின்றன. மனிதக் கை புகமுடியாத மடிப்புகளிலும், கதவின் உட்புறத்திலும், தூண்களின் பொந்துகளிலும் அது சென்று படிகிறது. பிறகு ஏறத்தாழ 160 முதல் 180 டிகிரி வெப்பத்தில் சூளையில் வேகவைக்கப்பட்டு இறுகுகிறது. அதன்மேல் இடைப்பூச்சு, அதன்மேல் நாம் கண்ணால் காணும் வர்ணம். சில வண்டிகளுக்கு எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற பளபளப்புப் பூச்சும் உண்டு. இவை யாவும் சேர்ந்தாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனந்தான் இருக்கும்.

மின்சாரத்தால் பூசும் இம்முறை மிகப் பழையதன்று. 1920-களில் அமெரிக்காவில் டூக்கோ என்னும் விரைவில் உலரும் வர்ணம் வந்தது. நம் ஊர்ப் பட்டறைகளில் இன்றும் ‘டூக்கோ அடித்தல்’ என்று சொல்வது அப்பெயரின் எச்சமே. அது பளபளப்பைத் தந்ததே ஒழிய, மடிப்புகளுக்குள் புகுந்து காக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. 1960-களில் ஃபோர்டு நிறுவனத்தில் ஜார்ஜ் புரூவர் என்பாரின் முயற்சியால் மின்பூச்சு முறை வாகனங்களுக்கு வந்தது. 1970-களின் நடுவில் அது மேலும் திருத்தம் பெற்று, துருவை எதிர்ப்பதில் முன்னையினும் பன்மடங்கு வலிமை அடைந்தது.

பாஸ்பேட்டின் பெருமையை உணர நாம் அமெரிக்கா செல்ல வேண்டியதில்லை. தில்லியில் குதுப் மினார் வளாகத்தில் நிற்கும் இரும்புத்தூண் ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நின்றும் துருவால் அழியவில்லை. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியராயிருந்த ஆர். பாலசுப்பிரமணியம் அதை ஆராய்ந்தார். அவ்விரும்பில் பாஸ்பரஸ் மிகுந்திருப்பதால் மேற்பரப்பில் மெல்லிய பாஸ்பேட் படலம் தானே உருவாகிக் காத்து வருகிறது என்று அவர் விளக்கினார். அன்று கொல்லனின் உலையில் அமைந்த அக்காப்புக்கு உறவான ஒன்றைத்தான் இன்றைய தொழிற்சாலையின் தொட்டியும் நம் வண்டிக்குத் தருகிறது.

இனி, வர்ணத்தின் பகைவர்களைப் பார்ப்போம். முதற்பகைவன் வெயில். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் வர்ணத்தின் பசையைச் சிறுகச் சிறுகச் சிதைக்கின்றன. பசை போனபின் நிறப்பொடி மட்டும் மேலே எஞ்சுகிறது. கையில் ஒட்டும் வெண்பொடி அதுவே. கூரையும் எஞ்சின் மூடியும் முதலில் வெளுப்பதும், கதவுகள் நெடுநாள் தாங்குவதும் இதனாலேயே. சிவப்பு நிறம் விரைவில் மங்கும். வெள்ளை நெடுங்காலம் நிற்கும்.

இரண்டாம் பகைவன் ஈரமும் உப்பும் சேர்ந்த கூட்டு. கடலோரத்து ஊர்களில் உப்புக்காற்றே வண்டியைத் தின்றுவிடுகிறது. கனடா போன்ற நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் உப்பைத் தூவுகிறார்கள். அங்கே மேல்வர்ணம் மின்னிக்கொண்டிருக்கும்போதே அடித்தகடு ஓட்டையாகிவிடுவதுண்டு. ஏரியூரோ கடலுக்கு வெகுதொலைவிலுள்ள வறண்ட பூமி. இங்கே முகம் வெளுக்கிறது; உடல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. இவ்வேறுபாட்டை அறியாமல், வெளுத்ததெல்லாம் கெட்டது என்று நம்மவர்கள் முடிவுகட்டிவிடுகின்றனர்.

எனினும் நம் ஊரிலும் உப்பு வேறு வடிவங்களில் வருகிறது. உரக்கடையில் வாங்கும் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்பின் உடன்பிறப்பு. மூட்டையிலிருந்து சிந்தும் சிறிதளவு பொட்டாஷ் மழைத்துளியோடு சேர்ந்தால் இரும்பை அரிக்கத் தொடங்கிவிடும். ஆடுமாடுகளின் சிறுநீரும் அப்படியே. மீன்பெட்டியிலிருந்து உருகி வழியும் நீர் சரக்குத்தளத்தின் மூலைகளில் தேங்கி நிற்பதும் கேடுதான்.

நம் இல்லத்திலும் வெள்ளை நிறப் பிக்கப் ஒன்று பத்து ஆண்டுகளுக்கு மேலாக உழைத்து வருகிறது. அதைக் கூர்ந்து நோக்கியதில் நாம் கண்டது இது: கூரை பொடியுதிர்ந்து மங்கிவிட்டது, ஆயினும் அங்கே ஒரு துளி துருவும் இல்லை. கதவைத் திறந்து ரப்பருக்கு அடியில் பார்த்தால், தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் வெண்மை அப்படியே இருக்கிறது. துரு வந்த இடங்கள் நான்கே. கல் தெறிக்கும் சக்கர வளைவு, பின்கதவின் கீழ் மடிப்பு, மூட்டைகள் உராயும் சரக்குத்தளம், கயிறு கட்டும் கொக்கிகளின் அடி. நான்கும் அடிபட்ட இடங்கள், அல்லது நீர் வடிய வழியின்றி மண் அடைத்த இடங்கள். வெயில் பட்டதால் மட்டும் துருப்பிடித்த இடம் ஒன்றுகூட இல்லை.

அவ்வாறாயின் வெளுத்த வர்ணத்தை அப்படியே விட்டுவிடலாமா? அதற்கும் ஓர் எல்லை உண்டு. தொழிற்சாலையின் அடிப்பூச்சு நீரை நன்கு எதிர்க்கும், வெயிலைத் தாங்காது. 1980-களின் பிற்பகுதியிலும் அதையடுத்த ஆண்டுகளிலும் அமெரிக்காவில் விற்ற ஃபோர்டு பிக்கப் வண்டிகள் பலவற்றில் மேல்வர்ணம் பாம்புச்சட்டை போல் உரிந்தது. உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். இடைப்பூச்சை விட்டுவிட்டு அடிப்பூச்சின்மேல் நேரே வர்ணம் அடித்ததால், வெயில் ஊடுருவி அடிப்பூச்சைப் பொடியாக்கிவிட்டது என்பது அவர்களுடைய வாதம். இதிலிருந்து நாம் கற்பது யாதெனில், கூரையில் சாம்பல் நிறம் தலைகாட்டத் தொடங்கினால் மேல்வர்ணம் தேய்ந்து முடியும் நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். அப்போது புது மேல்பூச்சு அவசியம். ஆனால் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து அதன்மேல் அடிக்க வேண்டுமே தவிர, இரும்பு தெரியும்வரை சுரண்டலாகாது.

ஏன் சுரண்டலாகாது? பட்டறையில் பணிபுரியும் தொழிலாளரின் கைத்திறனை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஓடிய வண்டியைத் தொட்டியில் அமிழ்த்த எவராலும் இயலாது. கம்பிகளும் ரப்பரும் டயர்களும் உள்ள வண்டியை 160 டிகிரிச் சூளையில் வைக்கவும் இயலாது. அரைக்கும் கருவியால் ஒருமுறை வழித்தெடுத்த பாஸ்பேட்டும் மின்பூச்சும் அந்த இடத்துக்குத் திரும்புவதே இல்லை. அதற்கு மாற்றாகப் பட்டி வைத்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பளபளப்பாக வர்ணம் தெளிக்கிறார்கள். துருவை முற்றிலும் நீக்காமல் பட்டி வைத்தாலோ, அது உள்ளேயே வளரும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கொள்வதால், இரண்டொரு மழைக்காலத்தில் வர்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்பும்.

இதன் விளைவு வெறும் அழகுக்குறை அன்று. நம் சகோதரியின் மகன் பழைய வண்டி ஒன்று வாங்க முற்பட்டார். மனைவியின் நகையை அடகு வைத்ததும், மகளிர் குழுவில் பெற்ற கடனும் சேர்ந்த பணம் அவர் கையில். பார்த்து வைத்திருந்த வண்டிகள் இரண்டு. ஒன்று புது வர்ணத்தில் கண்ணைப் பறித்தது. மற்றது சிவப்பு வெளுத்துச் செங்கல்லாய் நின்றது, விலையும் குறைவு. “மாமா, வெள்ளை வண்டி பார்க்கப் புதுசாட்டம் இருக்குதுங்க” என்றார் அவர். சகோதரிக்கும் அதிலேயே நாட்டம். “மந்திரிக்கக் கோவில் வாசலில் நிறுத்தும்போது நாலு பேர் பார்ப்பாங்களே, அண்ணா! அந்தச் செங்கல் வண்டியையா கொண்டு போறது?” என்றார்.

பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துச் சென்றோம். புது வர்ண வண்டியின் கதவுகளின் கீழ்ப்பகுதியில் அது பிடிக்கவே இல்லை. உள்ளே அத்தனை கனத்துக்குப் பட்டி. ஓட்டுநர் கால் வைக்கும் இடத்து ரப்பர் விரிப்பைத் தூக்கினோம். புதிதாய்ப் பூசிய கறுப்பு வர்ணத்தின்மேல் கட்டைவிரலை அழுத்தியதும் தகடு உள்வாங்கியது. மருமகனின் முகம் வெளிறிற்று. சுமையோடு மலைப்பாதையில் இறங்கும்போது அவர் கால் ஊன்ற வேண்டிய இடம் அது.

வெளுத்த வண்டியில் காந்தம் எங்கும் உறுதியாய்ப் பிடித்தது. கதவு ரப்பருக்கு அடியில் பழைய சிவப்பு மாறாதிருந்தது. தகடுகள் சேரும் மடிப்புகளில் தொழிற்சாலைப் பூச்சு விரிசலின்றி இருந்தது. சரக்குத்தளத்தில் துரு இருந்தது உண்மை; அது கண்ணுக்குத் தெரிந்த துரு. மெக்கானிக்கைக் கொண்டு எஞ்சினையும் சோதித்தபின் அதையே வாங்கினார். மிச்சமான பணத்தில் டயர்களும் பிரேக்கும் புதிதாயின. கூரைக்கும் எஞ்சின் மூடிக்கும் மட்டும் மேல்பூச்சு அடித்தார். இரு மழைக்காலங்கள் சென்றன. வண்டி ஓடுகிறது, அடகு நகையும் மீண்டு வீடு வந்தது.

ஆகவே வண்டி வைத்திருக்கும் குடும்பத்தாருக்குச் சில சொற்கள். உரமோ ஆடோ மீனோ ஏற்றிய அன்றே தளத்தை நீரால் கழுவிவிடுங்கள். கதவுகளின் அடியிலும் பின்கதவிலும் உள்ள வடிகால் துளைகளை மாதம் ஒருமுறை குச்சியால் குத்திவிடுங்கள். ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரால் கழுவினால், வெயிலில் உலரவிடாமல் துணியால் துடையுங்கள். இல்லையேல் உப்புப் புள்ளிகள் படியும். இரும்பு தெரியும் கீறலைக் கண்டால் அந்த வாரமே தேய்த்துச் சுத்தம் செய்து, ப்ரைமரும் வர்ணமும் தொட்டு வையுங்கள். விரிப்பின் அடியில் ஈரச் சாக்கு கிடக்க விடாதீர்கள். நிறுத்த நிழல் இருந்தால் அதுவே கூரைக்கு மருந்து. எஃப்.சி.க்கு வர்ணம் அடிப்பதாயின், நல்ல பூச்சைச் சுரண்ட வேண்டாம் என்று பட்டறைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, அருகில் நின்று பாருங்கள்.

பழைய வண்டி வாங்கச் செல்லும் இளைஞர்களோ, மேலே மின்னுவதைக் கண்டு மயங்காமல் விரிப்பைத் தூக்கிப் பார்க்கட்டும். வெளுத்த வர்ணத்தைக் கண்டு வெட்கப்படத் தேவையில்லை. பல்லாண்டு வெயிலைத் தான் ஏற்று, அடியிலுள்ள காப்பைக் கெடாமல் வைத்திருந்த வர்ணம் அது. அக்காப்பு உள்ளவரை வண்டி உழைக்கும். வண்டி உழைக்கும்வரை வீட்டில் அடுப்பு எரியும்.