மறுதாம்பு

முருங்கைக் கவாத்து பற்றி எழுதுறேன்னு சொல்லியிருந்தேன். அது கடைசியில் கொஞ்சம் வரும். முதல்ல நாவல்.

சம்சாரிக்கு எதுக்கு நாவல்னு கேட்காதீங்க. தினத்தந்தி ஆரம்பிச்ச சி.பா. ஆதித்தனார் நம்ம பக்கத்து காயாமொழிக்காரர். அந்தக் குழுமத்தில் இருந்து 1969இல் மாசம் ஒரு நாவலா ராணிமுத்து வர ஆரம்பிச்சது. அதைக் கை மாத்தி கை மாத்தி அட்டை கிழியப் படிச்ச பெண்கள் எங்க தெருவில் உண்டு. இப்போ புத்தகம் போய் போன் வந்தாச்சு. மத்தியானம் சாப்பிட்டு முடிச்சதும் என் வீட்டுக்காரி பிரதிலிபியைத் திறந்துருவா.

அதில் அதிகம் ஓடுறது ஒரே கதைதான். விவாகரத்து ஆன ரெண்டு பேரு, நடுவில் ஒரு பிள்ளை. அஞ்சு வருசம் கழிச்சு பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அப்பா. கடைசி அத்தியாயத்தில் மறுபடி தாலி. முடிவு தெரிஞ்சுதான் படிக்கிறாங்க. முடிவு தெரியாத ஒண்ணுதான் வீட்டிலயே இருக்கே!

எங்க சொந்தத்தில் அப்படி ஒரு பிள்ளை. எனக்கு மகள் முறை. மாப்பிள்ளைக்குச் சென்னையில் பலசரக்குக் கடை. விடியுமுன்ன திறந்தா ராத்திரி பதினொண்ணுக்குத்தான் அடைப்பு. இவ ஊரில் மாமியாரோட. நகை அடகுக்குப் போச்சு, பேச்சு வளர்ந்துச்சு, ஒரு நாள் கையும் நீண்டுட்டு. பெரியவங்க பேசித் தீத்து விட்டுரலாம்னாங்க. அவதான் கோர்ட்டுக்குப் போனா. ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியுற 13பி பிரிவு, இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் சேர்த்தது. ஒரு வருசம் பிரிஞ்சு இருந்திருக்கணும். மனு போட்ட பிறகும் மனசு மாறுதான்னு பார்க்க ஆறு மாசம். தேவையில்லாத இடத்தில் அந்த ஆறு மாசத்தைத் தள்ளுபடி செய்யலாம்னு 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. இவங்களுக்கு ஆறு மாசமும் ஓடுச்சு, மனசு மாறல. பேத்திக்கு அப்போ மூணு வயசு.

இப்போ ஆறு. போன கொடைக்கு அவன் வந்தான். பிள்ளைக்குக் கொலுசு வாங்கிட்டு வந்தான். உடனே எங்க ஆளுங்க ஆரம்பிச்சுட்டாங்க. "பிள்ளை முகத்துக்காகவாவது சேர்ந்துருங்க" என்று ஒருத்தர். "அப்பாவை வீட்டுக்கு வரச் சொல்லு மக்கா" என்று பிள்ளையிடமே ஒரு ஆச்சி. சட்டத்தில் தடை இல்லை. பிரிஞ்சவங்க ரெண்டு பேருமே மறுபடி கட்டிக்கலாம், புதுக் கல்யாணமாப் பதியணும், அவ்வளவுதான். அறுத்துக்கட்டுறது நம்ம ஊருக்கும் புதுசு இல்ல.

ஆனா அவ என்னிடம் ஒண்ணு கேட்டா. "சித்தப்பா, சித்தி படிக்க கதையில எல்லாம் யாரோ நடுவுல பொய் சொல்லிப் பிரிச்சிருப்பாவ. பொய் தெரிஞ்சதும் சேர்ந்துருவாவ. எனக்கு யாரு பொய் சொன்னா? அடிச்சது நெசம், நகை போனது நெசம். அதுக்கு அவிய என்ன சொல்லுதாவன்னு நீங்க யாராவது கேட்டியளா?"

கேட்கல. கூட்டத்தில் ஒருத்தரும் அதைக் கேட்கல.

அந்தக் கதைகளில் எனக்குக் குறையாத் தெரியுறது அதுதான். தப்பு செஞ்ச ஆளே இருக்க மாட்டான், பிள்ளைதான் பாலம். ஜெயகாந்தனோட 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்' வேற மாதிரி. வக்கீல் வரைக்கும் போன கல்யாணியும் ரங்காவும் திரும்ப ஒண்ணா நிக்குறதுக்கு எந்தச் சதியும் வெளியாக வேண்டியிருக்கல. அவளால நடக்க முடியாமப் போகுது, அவன் வந்து பார்த்துக்கிறான். 2019 பொங்கலுக்கு வந்த விஸ்வாசத்திலயும் அஜித் தான்தான் அப்பான்னு மகளிடம் உரிமை கேட்டு நிக்கல, காவலுக்கு நிக்கிறான். ரெண்டிலயும் ஆம்பளை முதல்ல ஏதோ செய்யுறான், பேச்சு அப்புறம்தான்.

இனி முருங்கை. செடிமுருங்கை காய்ப்பு ஓய்ஞ்சதும் தரையிலிருந்து மூணடி விட்டு வெட்டுறோம். எரு வச்சுத் தண்ணி விட்டா மறுதாம்பு துளிர்த்து, நாலஞ்சு மாசத்தில் திரும்பக் காய்க்கும். ஆனா தூர் அழுகியிருந்தா எத்தனை எரு வச்சாலும் வராது. அதனால வெட்டின கையோட தூரைத்தான் தட்டிப் பார்ப்போம்.

அவளோட கேள்வியை நானே அவனிடம் போனில் கேட்டேன். ரொம்ப நேரம் பேசல. பிறகு, "மாமா, நகையை முதல்ல திருப்பிட்டு வாரேன்" என்றான். ரெண்டு வளையல் வந்திருக்கு. மீதி வரணும். ஞாயித்துக்கிழமை பிள்ளையோட போனில் பேசுறான். அவ இன்னும் சரின்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல.

உங்க வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தா, அதுகிட்ட "அப்பாவைக் கூப்பிடு"ன்னு தயவுசெய்து சொல்லிக் கொடுக்காதீங்க. கூப்பிட்டு அவன் வரலேன்னா, தன்னாலதான் வரலைன்னு அது நினைச்சுக்கும்.