கருகிய திரி

நாவைச் சுவையறியும் கருவி என்று மட்டுமே நாம் எண்ணி வருகிறோம். உண்மையில் அது ஒரு காவற்காரனும் ஆகும். அடிப்பிடித்த பாலில் ஒரு மிடறு அருந்திய குழந்தை முகத்தைச் சுளிக்கிறது. புகையேறிய எண்ணெயிற் பொரித்த பண்டத்தைப் பசித்தவனும் ஒதுக்கி வைக்கிறான். ‘இது கருகிப் போனது, உள்ளே விடாதே’ என்று நாவும் மூக்கும் சேர்ந்து இடும் கட்டளையை எந்தப் பாடசாலையிலும் எவரும் நமக்குக் கற்பித்ததில்லை. அந்தக் காவற்காரனின் சொல்லை அடக்கிவிட முயன்ற ஒருவரைப் பற்றியும், அவருக்கு உதவிய சிறிது பௌதிகத்தைப் பற்றியும் இங்கே எழுத விரும்புகிறேன்.

நான் கல்லூரியிற் பௌதிகம் கற்பிப்பவன். புகைக்கும் வழக்கம் எனக்கில்லை. ஆதலால் மின்சிகரெட்டைப் பற்றி நான் எழுதுவது என்னை அறிந்தோர்க்கு வியப்பாயிருக்கலாம். காரணம் என் பெரியப்பாவின் மகன். எனக்குப் பத்து வயது மூத்தவர். இலண்டனிற் குடும்பத்தோடு வாழ்பவர். இருபத்தைந்து ஆண்டுகளாக நாளொன்றுக்கு ஒரு பெட்டி சிகரெட்டைப் புகைத்துத் தள்ளியவர். ஒருநாள் நெஞ்சுவலி கண்டு வைத்தியசாலையிற் கிடந்து எழுந்தபின், வைத்தியரின் கண்டிப்பும் அண்ணியின் கண்ணீரும் சேர்ந்து அவரைச் சிகரெட்டிலிருந்து விலக்கின. விலகி நிற்பதற்குத் துணையாக அவர் மின்சிகரெட்டைக் கைக்கொண்டார். எட்டு மாதங்கள் சென்றன. ஓரிரவு தொலைபேசியில் அவருடைய குரல் சலிப்போடு ஒலித்தது.

“தம்பி, வாய் முழுக்கக் கருகல். எரிஞ்ச துணியைச் சப்பினது போலக் கிடக்குது. இந்தக் கோதாரியை எறிஞ்சுபோட்டுப் பழைய சிகரெட்டுக்கே போகப் போறன்.”

கேட்பவர்க்கு இது ஒரு கருவியின் சில்லறைக் கோளாறாகத் தோன்றும். எனக்கோ, எட்டு மாதத் தவம் ஒன்று சிறு பஞ்சுத் திரியில் தொங்குவதாகப் பட்டது. அன்றிரவே அதைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன்.

மின்சிகரெட்டின் அமைப்பு எளியது. அதன் இக்கால வடிவத்துக்கு 2003 இல் அடிகோலியவர் ஹொன் லிக் என்னும் சீன மருந்தாளர். கீழே ஓர் இலிதியம் மின்கலம். மேலே திரவம் நிறைந்த சிறு தாங்கி. தாங்கியின் நடுவே மெல்லிய கம்பிச் சுருள். சுருளைத் தழுவியபடி பருத்தித் திரி. திரவமோ பெரும்பாலும் புரொப்பிலீன் கிளைக்கோலும் கிளிசரினும் கலந்த கலவை. அதிற் சுவையூட்டிகளும் நிக்கோற்றினும் கரைந்திருக்கும். பொத்தானை அழுத்தினால் கம்பி சூடேறுகிறது. திரி உறிஞ்சி வைத்திருக்கும் திரவம் ஆவியாகிறது. அதையே புகைபோல உள்ளிழுக்கின்றனர். சாதாரண சிகரெட்டிற் புகையிலை எரிகிறது. இங்கே எதுவும் எரியக்கூடாது. எரிந்த சுவை நாவிற் பட்டால், உள்ளே நிகழக்கூடாத ஒன்று நிகழ்கிறது என்பதே அதன் பொருள்.

இதை விளங்கிக்கொள்ள நம் வீட்டுக் குத்துவிளக்கே போதும். தகழியில் உள்ள எண்ணெய் மயிர்த்துளை விளைவினால் திரியின் வழியே மேலேறுகிறது. அது தடையின்றி ஏறிக்கொண்டிருக்கும் வரை சுடர் எண்ணெயையே உண்கிறது. திரி பெரிதும் அழிவதில்லை. எண்ணெய் வற்றிய கணமே நெருப்புத் திரியைப் பற்றுகிறது. கரும்புகையும் நாற்றமும் எழுகின்றன. மின்சிகரெட்டின் திரிக்கும் இதுவே விதி. ஈரம் இருக்கும் வரை கம்பியின் வெப்பம் திரவத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. புரொப்பிலீன் கிளைக்கோல் 188 பாகை செல்சியசிலும் கிளிசரின் 290 பாகையிலும் கொதிப்பவை. அவ்வெல்லையை அண்டியே வெப்பநிலை நிற்கும். ஈரம் தீர்ந்தாலோ வெப்பம் கட்டுக்கடங்காது ஏறும். பருத்தி கருகும். கிளிசரின் சிதைந்து அக்குரோலீன் என்னும் பொருள் பிறக்கும். தாச்சியில் எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்து புகையும்போது கண்ணையும் தொண்டையையும் கரிக்கச் செய்வதும் அதே அக்குரோலீன்தான்.

ஆகவே, கருகற் சுவை என்பது ஓர் ஓட்டப் பந்தயத்தின் முடிவு. திரவம் திரியில் ஊறிவரும் வேகம் ஒரு புறம். கம்பியில் வெப்பம் தோன்றும் வேகம் மறு புறம். வெப்பம் முந்திவிட்டாற் கருகல். பிழையைத் தேடுவோர் இவ்விரண்டில் எது தவறியது என்று பார்த்தாற் போதும்.

அண்ணருடைய கருவியில் வோல்ற்றளவை 3.2 முதல் 4.8 வரை மாற்றும் திருகு ஒன்று இருந்தது. சுவை கெட்டதும் அவர் முதலிற் செய்த காரியம், காரமான புதினாச் சுவைத் திரவத்தை ஊற்றியமை. கருகல் சிறிது மறைந்தது, நீங்கவில்லை. அடுத்து, ஆவி கூடினாற் சுவையும் கூடும் என்று எண்ணித் திருகை மேலே முறுக்கினார். நோய் முற்றியது. அடிப்பிடித்த சோற்றைச் சீர்படுத்த அடுப்பில் இன்னும் இரண்டு விறகை வைப்பது போன்ற வைத்தியம் அது.

“அண்ணை, சுருளிலே ஓம் என்று ஓர் எண் பொறித்திருக்கும். அதை வாசியுங்கள்” என்றேன். கண்ணாடியை அணிந்துகொண்டு வாசித்தார்: 1.2. முன்பு வைத்திருந்த சுருளின் வெற்றுப் பெட்டியை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். அதில் 1.8 என்றிருந்தது. கடையில் வேறு தடையுள்ள சுருளைக் கொடுத்திருக்கிறார்கள். பூட்டுவதற்கு இரண்டும் ஒன்றுபோலப் பொருந்தியமையால் அவர் வேறுபாட்டை உணரவில்லை.

மாணவர்கள் இவ்விடத்திற் கடதாசியும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம். வோல்ற்றளவின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தால் வலு கிடைக்கும். அண்ணர் வழக்கமாக வைத்திருந்தது 4.2 வோல்ற்று. அதன் வர்க்கம் 17.64. பழைய சுருளின் 1.8 ஓமால் வகுக்க 9.8 வாற்று வருகிறது. புதிய சுருளின் 1.2 ஓமால் வகுக்க 14.7 வாற்று வருகிறது. திருகில் ஓர் அணுவும் அசையவில்லை. வெப்பமோ ஒன்றரை மடங்காகிவிட்டது. அவர் திருகை 4.8 வரை ஏற்றியபோது அது 19.2 வாற்றாயிற்று. அச்சிறு திரி எப்படித் தாங்கும்? புதிய சுருளிற் பழைய வெப்பத்தைப் பெறுவதற்கு 3.4 வோல்ற்றே போதுமானது. வோல்ற்றளவு ஒன்றை மட்டும் பார்ப்பதாற் பயனில்லை. தடையோடு சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

எல்லாக் கருகலுக்கும் காரணம் இதுவே என்று கூறமாட்டேன். தாங்கியில் திரவம் குறைந்திருந்தால் முதலில் அதை நிரப்ப வேண்டும். புதிய சுருளைப் பூட்டியவுடன் இழுக்கலாகாது. திரியிற் சில துளி திரவத்தை இட்டு, தாங்கியை நிரப்பி, பத்து நிமிடமாவது ஊறவிட வேண்டும். உலர்ந்த திரி முதல் இழுப்பிலேயே கருகிவிடும். அடுத்தடுத்து மூச்சுவிடாமல் இழுப்போர்க்கும் இதே கதி. திரி மீண்டும் நனைய அவகாசம் வேண்டும். கிளிசரின் மிகுந்த திரவம் தேன்போல் தடித்தது. சிறு துளைகளின் வழியே மெதுவாகவே ஊறும். இனிப்பூட்டி சேர்ந்த திரவமோ கம்பியிற் கரிய படையாகப் படிந்து, சீனிப்பாகு கருகியது போன்ற வாடையைத் தரும். இவற்றையெல்லாம் பார்த்தபின், வோல்ற்றளவை மிகத் தாழ்ந்த எல்லையிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக உயர்த்துவதே முறை. ஒருமுறை கருகிய திரியை மட்டும் எந்த உபாயத்தாலும் மீட்க முடியாது. கரி மீண்டும் பஞ்சாகாது. அச்சுருளை எறிந்துவிட வேண்டியதுதான்.

இத்தனை பாடும் வெறும் சுவைக்காகத்தானா என்று நேயர்கள் கேட்கக்கூடும். இல்லை. 2015 ஜனவரியில் அமெரிக்காவின் போட்லாந்து அரசப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டனர். வோல்ற்றளவை மாற்றக்கூடிய ஒரு மின்சிகரெட்டை 3.3 வோல்ற்றில் இயக்கியபோது போமல்டிகைட்டு தரும் சேர்வைகள் ஆவியிற் காணப்படவில்லை; 5 வோல்ற்றில் இயக்கியபோது அவை மிகுதியாகக் காணப்பட்டன. விலங்கியல் ஆய்வுகூடத்திற் போத்தலில் அடைத்த உயிரினங்களை அழுகாமற் காக்கும் போமலின், இந்தப் போமல்டிகைட்டின் நீர்க்கரைசலே. அது புற்றுநோயை விளைக்க வல்லது. அதே ஆண்டிற் கிரேக்க நாட்டு இருதய வைத்தியர் பர்சலினோசும் அவர் குழுவினரும் இதற்கொரு விளக்கம் தந்தனர். இத்தகைய நச்சுப் பொருள்கள் மிகுதியாக எழுவது திரி உலர்ந்து கருகும் நிலையிலேயே என்றும், பழகியவர்கள் அந்தச் சுவையை உடனே உணர்ந்து ஆவியை உள்ளிழுக்காது விடுவர் என்றும் அவர்கள் காட்டினர்.

இவ்விரு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தபோது என் நெஞ்சில் ஒன்று தைத்தது. கருகற் சுவைதான் அபாயமணி. இயந்திரம் எதையும் வாங்காமல் நாம் பெற்றிருக்கும் ஆய்வுகூடம் நாவே. அண்ணர் புதினாவை ஊற்றி மூட முயன்றது அந்த மணியின் வாயைத்தான். “கருகலை மறைக்க வேண்டாம், அண்ணை. அது வந்தால் அந்த இழுப்பை வெளியே விட்டு, கருவியைக் கீழே வையுங்கள்” என்று கண்டிப்பாகவே கூறினேன். வயதில் மூத்தவரிடம் அப்படிப் பேசி எனக்குப் பழக்கமில்லை, அன்று பேசினேன்.

அவர் கேட்டார். புதிய சுருளை ஊறவைத்து, 3.4 வோல்ற்றிற் பூட்டினார். கருகல் நீங்கியது, சிகரெட்டுப் பெட்டி வீட்டினுள் மீண்டும் நுழையவில்லை. நிக்கோற்றினின் அளவையும் மில்லிலீற்றருக்கு 18 மில்லிகிராமிலிருந்து 6 மில்லிகிராமுக்கு இறக்கிவிட்டார். அதுவும் ஒழிந்து வெறுங்கையோடு இருக்கும் நாளையே அண்ணி எதிர்பார்த்திருக்கிறார், நானும் எதிர்பார்க்கிறேன்.

இதனை வாசிக்கும் மாணவர்க்கு ஒரு சொல். சிகரெட்டின் பிடியில் அகப்பட்ட ஒருவர் கரையேறப் பற்றும் கட்டையை, கரையில் நிற்பவன் விளையாட்டாகப் பற்றிக்கொண்டு நீரிற் குதிப்பது பேதைமை. மாம்பழமென்றும் முந்திரிகையென்றும் இனிக்கும் அந்த ஆவியினுள் நிக்கோற்றின் இருக்கிறது. இளமையில் வளர்ந்துகொண்டிருக்கும் மூளையை அது எளிதில் அடிமைப்படுத்தும். கருகினால் நாவு எச்சரிக்கும். இனிக்கும்போது அதற்கு எச்சரிக்கத் தெரியாது. அவ்வேளையில் நம்மைக் காப்பது கல்வியால் வந்த அறிவு ஒன்றே.