அக்னி ஸ்தலத்தில் வாயுக் கோளாறு!

பௌர்ணமி அன்று திருவண்ணாமலைக்குப் போயிருக்கிறீர்களா? ஊருக்கு வெளியிலேயே தற்காலிக பஸ் ஸ்டாண்டு, தற்காலிக பார்க்கிங், தற்காலிக இட்லிக் கடை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கத் தலைகள். அடுத்த நாள் காலையில் கூட்டம் கலைந்துவிடும். அப்போதுதான் ஊரின் இன்னொரு முகம் தெரியும். திண்டிவனம் ரோடு, வேலூர் ரோடு பக்கமெல்லாம் ஒர்க்‌ஷாப் வாசலில் பானெட்டைத் திறந்துபோட்டு வண்டிகள் நிற்கும். மனிதர்களுக்குக் கால் வலி. வண்டிகளுக்கு மூச்சுத் திணறல்.

எங்கள் வண்டிக்கும் அதேதான். ஆபீஸ் நண்பர்கள் ஐந்து பேர், சென்னையில் வாடகைக்கு எடுத்த டீசல் கார். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், வீண் வம்பு. டிரைவரே ஓனர். இ.எம்.ஐ. இன்னும் இரண்டு வருஷம் பாக்கி.

செஞ்சிக் கோட்டையைத் தாண்டியதிலிருந்தே வண்டி சரியில்லை. லாரியை ஓவர்டேக் பண்ண ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பானெட்டுக்குள்ளிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். பின்னால் கரும்புகை. லாரி என்னவோ முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. புகை குடித்த பைக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து எங்கள் பரம்பரையைப் பற்றி நாலு வார்த்தை விசாரித்துவிட்டுப் போனார்.

டிரைவர் முகம் செத்துப் போயிருந்தது. போன வாரமே சென்னையில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டியிருக்கிறார். ஏ.சி. ரூம், காபி, கம்ப்யூட்டர் எல்லாம் உண்டு. ஸ்கேனரைச் சொருகிப் பார்த்துவிட்டு, "டர்போ போச்சு. மாத்தணும். 60,000 ஆகும்" என்று சொல்லிவிட்டார்களாம். "நாலு மாச டியூ சார் அது" என்றார்.

டர்போ என்பது ஒன்றும் பிரம்ம ரகசியம் இல்லை. பி.காம். படித்து, மார்ச் 31-ஐத் தவிர வேறு பிரஷரே அறியாத எனக்கே புரிந்தது. சைலன்ஸர் வழியே வீணாகப் போகும் புகையை ஒரு சின்னச் சக்கரத்தில் மோதவிட்டுச் சுற்ற வைக்கிறார்கள். அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, இன்ஜினுக்குள் திணிக்கிறது. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். காற்று அதிகம் போனால் டீசலை அதிகம் எரிக்கலாம். சின்ன இன்ஜினுக்குப் பெரிய இன்ஜின் பலம். 1905-லேயே ஸ்விட்சர்லாந்து இன்ஜினியர் ஆல்ஃபிரட் பூக்கி இதற்குப் பேடன்ட் வாங்கிவிட்டார். 1918-ல் ஸான்ஃபோர்டு மாஸ் என்ற அமெரிக்கர் ஒரு விமான இன்ஜினை 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்கே தூக்கிப் போய், காற்று மெலிந்த இடத்திலும் டர்போ இருந்தால் பலம் குறையாது என்று காட்டினார். நம் அண்ணாமலை 2,668 அடிதான். இங்கே மூச்சுத் திணறக் காரணமே இல்லை!

வழியில் டீக்கடைக்காரர் கைகாட்டிய ஷெட்டுக்குப் போனோம். தகரக் கூரை, வேப்பமரம், ஒரு காற்று கம்ப்ரஸர். லாரி பார்த்துப் பழகிய பாய் ஒருவர் நடத்துகிறார். 2000-ல் மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்த பிறகு லாரிகளில் டர்போ பரவியதே, அப்போதிலிருந்து அவருக்கு இதே வேலைதானாம்.

டிரைவர் நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்ல ஆரம்பித்தார். பாய் கையைத் தூக்கி, "கொஞ்சம் சும்மா இரு தம்பி" என்றார். ரமணாசிரமத்துக்கு வெள்ளைக்காரர்கள் விமானம் ஏறி வந்து கற்றுக்கொள்கிற பாடம் அது. எங்களுக்கு ஷெட் வாசலிலேயே கிடைத்தது.

பாயிடமும் ஸ்கேனர் இருந்தது. பி0299 என்று காட்டியது. "இதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? பிரஷர் கம்மியா இருக்குன்னு அர்த்தம். டர்போ செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்ல." அதாவது, அது எஃப்.ஐ.ஆர். மட்டும்தான். சென்னைக்காரர்கள் அதைத் தீர்ப்பாகவே படித்துவிட்டார்கள்.

முதலில் டர்போவின் வாயிலிருந்த குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு அச்சை ஆட்டிப் பார்த்தார். பக்கவாட்டில் லேசான ஆட்டம். அது இருக்கலாமாம். முன்னும் பின்னும் ஆடவில்லை. இறக்கைகள் சுவரில் உரசிய தடமும் இல்லை. "டர்போ நல்லாத்தான் கீது." டிரைவருக்குப் பாதி உயிர் வந்தது.

அப்படியானால் அமுக்கிய காற்று எங்கே போகிறது? டர்போவிலிருந்து இன்டர்கூலர், அங்கிருந்து இன்ஜின். வழி நெடுக ரப்பர் ஹோஸ், கிளிப், வாஷர். எங்கே ஓட்டை விழுந்தாலும் போச்சு. இன்ஜின் கம்ப்யூட்டர் வாசலில் நின்று காற்றை எண்ணுகிறது. கிரிவலப் பாதை அன்னதானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் 100 பேரை எண்ணி உள்ளே 100 இலை போட்டாயிற்று. 30 பேர் நடுவழியில் நழுவிவிட்டார்கள். மிச்ச சாப்பாடு குப்பைக்குத்தானே? அந்தக் குப்பைதான் கரும்புகை. பெட்ரோல் டர்போவில் புகை இவ்வளவு தெரியாது. ஸ்பார்க் பிளக் கறுக்கும், நின்ற இடத்தில் இன்ஜின் குதிக்கும், மைலேஜ் இறங்கும். சின்னக் கார்களிலேயே இப்போது டர்போ பெட்ரோல் வந்துவிட்டதால் இதைச் சொல்கிறேன்.

பஞ்சபூதத்தில் திருவண்ணாமலை அக்னி ஸ்தலம். வாயு ஸ்தலம் காளஹஸ்தியில் இருக்கிறது. ஆனாலும் காற்றில்லாமல் அக்னி எப்படி எரியும்? கிரிவலப் பாதையில் வாயு லிங்கம் வைத்தவர்கள் விவரமானவர்கள்தான்.

அடுத்து பாய் செய்ததைச் சைக்கிள் கடையில் நீங்கள் நூறு தடவை பார்த்திருப்பீர்கள். பஞ்சர் பார்ப்பது! ஒரு பி.வி.சி. மூடியில் பழைய டியூபின் வால்வைப் பொருத்தி வைத்திருந்தார். அதை டர்போவின் வாயில் செருகி கிளிப்பை இறுக்கினார். இன்ஜினிலிருந்து வரும் காற்றோட்டக் குழாயை அடைத்தார். அடைக்காவிட்டால் காற்று ஆயில் பக்கம் போய் சீலைக் கெடுத்துவிடுமாம். இன்ஜின் ஆஃப். கம்ப்ரஸரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக 15 பவுண்டு காற்று. கார் டயருக்கு அடிப்பதில் பாதிதான். "மூடிக்கு நேரா நிக்காதீங்க சார். பிச்சுக்கிட்டு வந்தா மூக்கு போயிடும்" என்றார். ஐந்து பேரும் வேப்பமரத்தடிக்கு நகர்ந்தோம்.

ஒரு ஷாம்பு பாக்கெட்டைத் தண்ணீரில் கரைத்து, இணைப்பு இணைப்பாகத் தெளித்தார். எல்லா இடத்திலும் இல்லை. டார்ச் அடித்து, ஆயில் கசிந்து புழுதி ஒட்டிய இடமாகப் பார்த்துத் தெளித்தார். டர்போ வழியில் லேசான ஆயில் ஆவி எப்போதும் இருக்கும். காற்று கசியும் இடத்தில் அதுவும் கசிந்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும். திருடன் விட்டுப் போன செருப்பு மாதிரி.

இன்டர்கூலருக்குக் கீழே, ஹோஸ் வளைகிற இடத்தில் குபுகுபுவென்று நுரை! ஒரு இரும்பு பிராக்கெட்டில் உரசி உரசி ரப்பர் கிழிந்திருந்தது. காற்றை நிறுத்தினால் கிழிசல் உதடு மாதிரி மூடிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. காற்று விட்டால் திறக்கிறது. சும்மா நிற்கிற வண்டியில் எத்தனை பேர் எட்டிப் பார்த்தாலும் கிடைக்காதது இதனால்தான். சில வண்டிகளில் எலி கடித்திருக்கும். சிலவற்றில் சர்வீஸ் பையன் கிளிப்பைச் சரியாக முறுக்கியிருக்க மாட்டான்.

"இப்படியே ஓட்டியிருந்தா?" என்று கேட்டேன்.

"கசியிற காத்தை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமா சுத்தும் சார். கொஞ்ச நாள்ல நிஜமாவே போயிடும். அப்ப அவங்க சொன்னது சரியாப் போயிடும்."

லாரி ஸ்பேர்ஸ் கடையில் அதே விட்டத்தில் துணி வைத்த ஹோஸ் வாங்கி, அளவு வெட்டி மாட்டினார். பிராக்கெட்டைக் கொஞ்சம் வளைத்துவிட்டார். மறுபடி காற்று, மறுபடி ஷாம்பு. நுரை இல்லை. மொத்தம் 1,850 ரூபாய். டிரைவர் இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார்.

கிளம்பும்போது, கழற்றிப் போட்ட பழைய ஹோஸை எடுத்துத் துடைத்து, பேப்பரில் சுற்றி டிக்கியில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன்.

"அந்த ஏ.சி. ரூம்ல போய் டேபிள் மேல வைக்கணும் சார்."