தடத்திற்கான கார்

சேலையூர் மெக்கானிக் என் பழைய ஃபியட் பாலியோவை ஜாக்கியில் ஏற்றிவிட்டுக் கேட்டார்: "ரேஸுக்கா சார், ஆஸ்பத்திரிக்கா?" இரண்டுக்கும்தான். 1.6 லிட்டர், 100 குதிரைத்திறன். வாங்கியது எனக்காக, வாரம் இருமுறை அதன் பின்சீட்டில் டயாலிசிஸுக்குப் போவது அம்மா.

சிறுவயதில் சோழவரத்தில், யுத்தகால விமான ஓடுதளத்தில், கார்கள் பறந்ததைப் பார்த்தவன். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தடம் திறந்தபோது வேலை தேடிக்கொண்டிருந்தேன். இப்போது, 56 வயதில், அந்த 3.7 கிலோமீட்டரை நாலுமுறை சுற்றிவர ஆசை. ஆசை என்ற சொல் போதாதுதான்.

பட்டியல் நீண்டது. இறுகிய ஸ்பிரிங், பந்தய பிரேக் பேட். அந்த பேட் சூடேறினால்தான் பிடிக்கும். பெருங்களத்தூர் நெரிசலில் அது சூடேறுவதற்குள் முன்னால் நிற்கும் பஸ் வந்துவிடும். ஸ்பிரிங் பேச்சே வேண்டாம். முடிச்சூர் சாலையின் ஒவ்வொரு பள்ளமும் அம்மாவின் இடுப்புக்குத் தெரியும்.

பிரேக் ஆயிலை மட்டும் மாற்றச் சொன்னேன். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதில் குறைந்தது 230 டிகிரிவரை தாங்க வேண்டும் என்பது விதி; ஈரம் சேர்ந்தபின் 155 போதும். கொதித்தால் குழாயில் குமிழி. மிதித்த கால் வெறுமனே தரைக்குப் போகும். பழையதை பாட்டிலில் இறக்கிக் காட்டினார். டிகாக்ஷன் நிறம். இத்தனை மாதமும் அதை நம்பித்தான் அம்மாவை ஏற்றிப் போயிருக்கிறேன்.