ஒற்றைக் கொம்பு

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 98 இருந்தது. 64 எம்பி ரேம், பெட்டி போன்ற பழைய மானிட்டர், டிவிஎஸ் கோல்டு கீபோர்டு. கட்டைகளின் மேல் அப்பா தமிழ் எழுத்து ஸ்டிக்கர் வாங்கி ஒட்டியிருந்தார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் அவர். சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்து, பாமினி எழுத்துருவில் அண்ணனுக்குக் கடிதம் அடிப்பார். பிரிண்ட் எடுத்துக் காலையில் தபாலில் சேர்ப்பார். அந்த டக் டக் சத்தத்தைக் கேட்டபடியே எத்தனையோ இரவுகள் தூங்கிப் போயிருக்கிறேன்.

பாமினியில் ‘கொ’ வேண்டுமானால் முதலில் ‘என்’, அப்புறம் ‘எஃப்’, கடைசியில் ‘எச்’. அதாவது ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். பேனா போகிற அதே வழி. காலமெல்லாம் கரும்பலகையில் எழுதிய கைக்கு அது பிடித்துப்போனதில் வியப்பில்லை. “சிலேட்டுல எழுதற மாதிரியே இருக்குடா” என்பார்.

2005-ல் புது பிரிண்டர் வாங்கினோம். அது விண்டோஸ் 98-ல் வேலை செய்யாது என்றார்கள். ரேமை 128 ஆக்கி எக்ஸ்பி போட்டுவிடலாம் என்று பிடிவாதம் பிடித்தவன் நான்தான். எக்ஸ்பி போட வந்தவர் சி டிரைவை ஃபார்மட் செய்து சிடியைப் போட்டார். இன்னும் 39 நிமிடம் என்று திரை காட்டியது. அந்த எண் குறைவதை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். முடிந்ததும் பச்சைக் குன்றும் நீல வானமும் வந்தன. சார்லஸ் ஓ’ரியர் 1996-ல் கலிஃபோர்னியாவின் சோனோமாவில் எடுத்த படம் அது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு அது எனக்குப் புது வீடு மாதிரி இருந்தது.

அப்பா ஃபிளாப்பியைப் போட்டுத் தன் கடிதம் ஒன்றைத் திறந்தார். ‘அம்மா’ என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகள் நின்றன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

பாமினி கடிதம் கம்ப்யூட்டருக்குத் தமிழே அல்ல. தமிழ் உருவம் போர்த்திய ஆங்கில எழுத்து. ஃபார்மட்டில் எழுத்துரு போனதும் போர்வை விலகிவிட்டது. மறுநாளே ஒரு டிடிபி சென்டரிலிருந்து பாமினியை வாங்கி வந்து போட்டிருக்கலாம். வாங்கியும் வந்தேன். ஆனால் போடவிடாமல் என்னைப் புதுமை பிடித்து ஆட்டியது. எக்ஸ்பியிலேயே லதா எழுத்துரு இருக்கிறது, இனி யூனிகோட்தான் என்று இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவி, தமிழ்99 விசைப்பலகையைக் காட்டிக்கொடுத்தேன். பழைய ஸ்டிக்கர்கள் குழப்பும் என்று ஒவ்வொன்றாக நகத்தால் கீறி எடுத்தேன்.

தமிழ்99-ல் க அடித்து ஒ அடித்தால், முன்னால் கொம்பும் பின்னால் காலும் தாமாக வந்து சேரும். “நான் போட்ட க தள்ளிப் போகுதே” என்றார் அப்பா. இலக்கணம் கற்பித்தவர், மெய்க்குப் பின் உயிர் ஏறுவது அவருக்குத் தெரியாததா? கைதான் ஒப்பவில்லை. நாலு நாள் முயன்றார். அப்புறம் இன்லண்ட் லெட்டரும் பேனாவும் எடுத்துக்கொண்டார். இரவில் கீபோர்டு சத்தம் நின்றுபோயிற்று. ஏன் என்று நான் கேட்கவே இல்லை.

1988-ல் இந்திய மொழிகளுக்காக வகுத்த இஸ்கி தரத்தில் மெய்க்கு அப்புறம்தான் உயிர்க்குறி. யூனிகோட் அதையே எடுத்துக்கொண்டது. தாய்லாந்து எழுத்துக்கோ எழுதும் வரிசையையே விட்டுவைத்திருக்கிறார்கள் என்று படித்தபோது பொறாமையாக இருந்தது. தமிழுக்குச் செய்தது தவறில்லை; தேடவும் அகர வரிசைப்படுத்தவும் அதுதான் நல்லது. பழைய விசைகளிலேயே யூனிகோட் அடிக்கும் மென்பொருளும் உண்டு. அப்பாவுக்கு வேண்டியிருந்த காலத்தில் நான் அதைத் தேடவில்லை.

ஃபிளாப்பியிலிருந்து சிடி, சிடியிலிருந்து பென்டிரைவ் என்று அந்தக் கடிதங்கள் என்னோடேயே வந்துகொண்டிருக்கின்றன. போன வாரம் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றினேன். அழகாக வந்தன. ஒரு கடிதத்தில் மட்டும், பாதியில் நின்ற ஒரு வரியின் கடைசியில், எழுத்து இல்லாத இடத்தைக் காட்டும் புள்ளி வட்டத்துக்கு முன்னால் ஒற்றைக் கொம்பு தனியே நின்றது. கொம்பை அடித்திருக்கிறார். அடுத்த எழுத்துக்குள் யாரோ கூப்பிட்டு எழுந்து போயிருக்க வேண்டும். நானாகக்கூட இருக்கும்.