அடைப்புக்குறிக்குள் ஒரு பெண்

பாட்டியின் வேதாகமம் இப்போது என்னிடம் இருக்கிறது. மேசைமேல் வைத்தால் அது தானாகத் திறந்துகொள்வது யோவான் எட்டாம் அதிகாரத்தில்தான். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கல்லெறிய இழுத்துவந்த கதை.

காரணம் என் சித்தி. இளவயதில் கணவனை இழந்தவள். எழுபதுகளின் தொடக்கத்தில், மனைவி உள்ள ஒருவரோடு அவளுக்கிருந்த உறவு வெளியே தெரிந்தபோது எங்கள் சபை அவளைத் திருவிருந்திலிருந்து விலக்கியது. அந்த மனிதர் அடுத்த ஞாயிறும் ஆண்கள் பக்கத்து முன்வரிசையில் இருந்தார். நாலாம் வகுப்பு வரை மட்டும் படித்த பாட்டி, கமிட்டி கூடியிருந்த இடத்துக்குப் போய் அந்தப் பதினொரு வசனங்களையும் வாசித்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பிவந்தாள். தீர்ப்பு மாறவில்லை. சித்தி சாகும்வரை திருவிருந்து எடுக்கவேயில்லை.

பல வருடங்கள் கழித்து, இறையியல் படித்த நண்பனின் அறையில் நெஸ்லே-ஆலண்ட் கிரேக்கப் பதிப்பைப் புரட்டினேன். எனக்குக் கிரேக்கம் தெரியாது. எண்களை வைத்துத் தேடினேன். அந்தப் பகுதி இரட்டை அடைப்புக்குறிகளுக்குள் இருந்தது. "அது பிற்சேர்க்கை" என்றான் நண்பன், வெகு சாதாரணமாக.

நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகள் இரண்டிலும் அக்கதை இல்லை. அவற்றுக்கும் முந்தைய பாப்பிரஸ் ஏடுகளிலும் இல்லை. சில பிரதிகளில் அது லூக்கா 21ஆம் அதிகாரத்தின் முடிவில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தங்க இடமில்லாமல் சுவிசேஷங்களுக்குள் அலைந்த கதை. மனைவியருக்குத் துணிவு வந்துவிடும் என்று அஞ்சிய ஆண்கள் அதை வெட்டியெறிந்தார்கள் என்பது அகுஸ்தீனின் ஊகம். இன்றைய அறிஞர்களில் பெரும்பாலோர் அதை ஏற்பதில்லை. எங்கள் கமிட்டியைப் பார்த்திருந்த எனக்கு அது நம்பும்படிதான் இருந்தது.

வேதத்தின் ஓர் எழுத்தும் பிழைபடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். திரித்துவத்தைச் சொல்லும் 1 யோவான் 5:7 பிற்காலச் சேர்க்கை என்றும், எராஸ்மஸ் அதைத் தம் முதலிரு பதிப்புகளில் சேர்க்காமல் 1522இல்தான் சேர்த்தார் என்றும் முன்பே வாசித்திருந்தேன். அது என்னை உறுத்தவில்லை. ஒரு வசனம் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். இதை அப்படி விடமுடியவில்லை. பாட்டி கையில் எடுத்துப்போனது யாரோ ஒரு எழுத்தரின் செருகலா?

அன்றிரவு லேவியராகமம் 20:10ஐ எடுத்துப் பார்த்தேன். அதன்மேல் எந்தப் பிரதியிலும் அடைப்புக்குறி கிடையாது. விபசாரம் செய்த ஆண், பெண் இருவருமே கொலைசெய்யப்படவேண்டும் என்கிறது அது. கதையில் வருகிறவர்கள் பெண்ணை மட்டுமே இழுத்துவருகிறார்கள். எங்கள் சபையும் அதைத்தான் செய்தது. சந்தேகத்துக்கு இடமில்லாத வசனத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் அதைப் பாதிதான் வாசித்திருக்கிறார்கள். பெயர் தெரியாத அந்த எழுத்தர் எங்கோ கேட்ட ஒரு கதையைத் தொலைந்துபோகவிடாமல் ஓரிடத்தில் எழுதிவைத்தார். அவருக்கு அதிகாரம் கொடுத்தது யார் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. ஆனால் இவ்விருவரில் யாரை நம்புவது என்பதில் எனக்குக் குழப்பமில்லை.

அடுத்தமுறை ஊருக்குப் போனபோது பாட்டிக்குக் கண்புரை முற்றியிருந்தது. யோவான் எட்டை வாசிக்கச் சொன்னாள். அடைப்புக்குறியைப் பற்றிச் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டே வாசித்தேன். இயேசு குனிந்து தரையில் எழுதுகிற இடம் வந்தது.

"என்னய்யா எழுதியிருப்பாரு?" என்றாள்.

"யாரும் குறிச்சு வைக்கல பாட்டி."

"நல்லதாப் போச்சு" என்றவள், மேலே வாசிக்கச் சொன்னாள்.